ஊறிய மாவுக்குக் காவல்

அந்த வாய்க்கால் ஓரத்து மனையில் தண்ணீர் வரும் என்று தெரிந்துதான் அற்புதமேரி அதை வாங்கினாள். விற்றவர் எதையும் மறைக்கவில்லை. மரக்காணம் கடைத்தெருவில் உப்புச் சாக்கு வியாபாரம் செய்துவந்த அப்துல் சுக்கூர் பாய் அவளை நேரே கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த தன் கிடங்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருந்த பழுப்புக் கோட்டைக் காட்டினார்.

"தங்கச்சி, பின்னால நீ வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாது. கார்த்திகையில கழுவெளி ஏரி ரொம்பிடுச்சின்னா இந்த வாய்க்கால் போக வழியில்லாம எதுத்துக்கும். அப்போ தண்ணி இதுவரைக்கும் ஏறும். மழை வுட்டா வடிஞ்சிடும். இன்னொண்ணு, உன் பட்டா அந்தக் கல்லு வரைக்கும்தான். அதுக்கு அப்பால வாய்க்கால் பொறம்போக்கு. தெரிஞ்சிக்கினு வாங்கறதுன்னா வாங்கு."

அவள் வாங்கினாள். எழுபத்தாறாம் வருஷத்தின் தை மாதம் அது. ஊரில் மாவு மில் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் பஸ் ரோட்டின் அந்தக் கோடியில். மீன் கூடை சுமந்தவர்களும் உப்பளத்தில் வேலை முடித்து வந்தவர்களும் அரிசிப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கே போய் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு மில் போட்டால் கூட்டம் தானே வரும் என்று அற்புதமேரி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவன் அருள்பிரகாசம் அதற்குத் தலையாட்டுவான். தன் அண்ணன் அந்தோணிதாஸ் "மில்லாவது மண்ணாவது" என்றால் அதற்கும் தலையாட்டுவான். ஆட்டுவதில் அவன் யாருக்கும் குறை வைத்ததில்லை.

அந்தோணிதாஸ் கட்டட மேஸ்திரி. தம்பி மனைவி மனை வாங்கியே விட்டாள் என்றதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கரணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களை வைத்துக் கட்டடத்தை எழுப்பினார். கூடவே, யாரும் கேட்காமலேயே, பாய் காட்டிய கல்லைத் தாண்டி வாய்க்காலில் பாதி வரைக்கும் ஒரு சுற்றுச்சுவரையும் எழுப்பிவிட்டார்.

"மாமா, இது பொறம்போக்காச்சே" என்றாள் அற்புதமேரி.

"ஊரே அப்பிடித்தான்மா கட்டுது. எதிர்க்கரையில என் வூட்டுச் சுவரு எங்க நிக்கிது? வாய்க்காலுக்கு எதுக்கும்மா இவ்ளோ எடம்? அதுல கப்பலா வுடப் போறான்?"

அவள் அப்போது வாயை மூடிக்கொண்டாள். இனாமாகக் கட்டித் தருகிறவரிடம் எவ்வளவுதான் பேச முடியும்?

மோட்டாரும் அரவைக் கல்லும் வாங்கப் பேங்கில் கடன் கேட்டிருந்தார்கள். கட்டடத்துக்கும் மிஷினுக்கும் இன்சூரன்ஸ் இருந்தால்தான் கடன் என்று பேங்கில் சொன்னார்கள். அதற்காகப் பாண்டிச்சேரியிலிருந்து பஸ் ஏறி ஒருவர் வந்தார். பக்தவச்சலம் என்று பெயர். பருத்த உடம்பு, கையில் குடை, கக்கத்தில் தோல் பை. வந்ததும் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து, பேப்பரை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து" என்றார். அவருக்குத் திரும்பிப் போகும் பஸ் மேல் கண்.

அற்புதமேரி பேனாவை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சார், இதுல வெள்ளம் எங்க எழுதியிருக்குது?"

"வெள்ளம் இதுல வராதும்மா. இது நெருப்புக்கு. பேங்க்ல கேக்கறது அதான்."

"வாய்க்கால் ஓரத்துல இருக்கற மில்லுக்கு நெருப்புக்கு மட்டும் இன்சூரன்ஸா? மழைக்காலத்துல கோவணத்தை அவுத்துத் தலைப்பாகை கட்டிக்கினாப்பல இருக்குது சார்."

பக்தவச்சலம் முதலில் திகைத்தார். பிறகு மூட்டை குலுங்கச் சிரித்தார். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம். பதில் சொல்லும்படி ஒரு கேள்வி கேட்டவர்கள் அபூர்வம்.

"சேத்துக்கலாம்மா. புயல், வெள்ளம் ரெண்டும். கூடக் கொஞ்சம் பிரீமியம் கட்டணும்."

"கூரை ஒழுகி மாவு நனைஞ்சா?"

"அது ஒடைஞ்ச ஓடு மாத்தாத உங்க குத்தம். கெடையாது."

"வாய்க்கால் பொங்கி உள்ள வந்தா?"

"உண்டு."

"கடல் ஏறி வந்தா?"

"அதுவும் உண்டு. ஆனா எது வந்தாலும் நஷ்டத்துல மொதல்ல கொஞ்சம் உங்க தலையில. அதுக்கு மேல போனாத்தான் கம்பெனி தரும். சும்மா தரை ஈரமாச்சுன்னு யாரும் வந்து நிக்கக் கூடாதுல்ல?"

"நியாயந்தான்" என்று ஒப்புக்கொண்டாள் அற்புதமேரி. பிறகு, அவளை இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "சார், மில்லுல இருக்கற அரிசி, கேவுரு, மொளகா எதுவும் எங்களுது இல்ல. எல்லாம் ஜனங்களுது. அது போனா?"

பக்தவச்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்விம்மா. சாதாரணமா உங்க சொத்துக்குத்தான் பாலிசி. அடுத்தவங்க பொருள் உங்க பொறுப்புல இருக்குதுன்னு தனியா எழுதினாத்தான் அதுக்கு உண்டு. எழுதிடட்டுமா?"

"எழுதுங்க."

எழுதினார். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை. எழுந்து கட்டடத்தைச் சுற்றி வந்தார். தரையைப் பார்த்தார். பாயின் கிடங்குச் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். வாய்க்கால் பக்கம் வந்ததும் குடையை ஊன்றி நின்றுவிட்டார்.

"இந்தச் சுவர் உங்க பட்டாவுலயா நிக்குது?"

அருள்பிரகாசம் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"சர்க்கார் எடத்துல நிக்கறதுக்கு நான் பாலிசி எழுத முடியாதும்மா. சுவர் போனாப் போகட்டும். வாய்க்கால்ல பாதிய இது அடைச்சிக்கினு நிக்குதே, தண்ணி வேற எங்க போவும்? உங்க மில்லுக்குள்ளதான். தரையும் அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்குது. கோட்டுக்கு மேல ஒசத்துங்க. மோட்டாருக்கு இன்னும் ஒசரமா மேடை போடுங்க. செஞ்சிட்டுச் சொல்லியனுப்புங்க, வந்து முடிச்சித் தர்றேன்." போகும்போது ஞாபகம் வந்தவராகத் திரும்பி நின்றார். "ஒருவேளை தண்ணி வந்துடுச்சின்னா தந்தி அடிங்க. நல்லா இருக்கறதைப் பிரிச்சிக் காப்பாத்துங்க. கெட்டுப்போனதை மட்டும் எங்க சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் எறிஞ்சிடாதீங்க."

அன்று சாயங்காலமே அந்தோணிதாஸிடம் பேசினாள். தரையை உயர்த்துவதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவர் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"நான் கட்டின சுவத்தை நானே இடிக்கணுமா?"

"நீங்க இடிக்க வேணாம் மாமா. நாங்க இடிச்சிக்கறோம்."

"இடிச்சிக்கோம்மா. எவனோ பாண்டிச்சேரியிலேர்ந்து குடை புடிச்சிக்கினு வந்தான், அவன் பேச்சு பெரிசாப் போச்சி. இனிமே இந்த வாசப்படி மிதிச்சேன்னா என்னை ஏன்னு கேளு."

அவர் போனபிறகு அற்புதமேரிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கடப்பாரையை எடுத்தாள். ஒரு செங்கல் பெயர்ந்தது. இரண்டாவதற்கு ஓங்கியபோது அருள்பிரகாசம் வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கினான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டினான். ஓங்கி இடிக்க ஆரம்பித்தான். அண்ணன் கட்டிய சுவரைத் தம்பி இடிப்பதை எதிர்க்கரையில் நின்று ஊரே பார்த்தது. அற்புதமேரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷனுக்குத் தலையை ஆட்டாமல் இருக்கவும் தெரியும் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

தரையை உயர்த்தி, மேடை போட்டு, பக்தவச்சலம் வந்து பாலிசியை முடித்துத் தந்தபிறகு மில் ஓட ஆரம்பித்தது. அவள் நினைத்தபடியே கூட்டம் வந்தது. அந்தோணிதாஸ் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் தம்பி குடும்பம் ஒரு பக்கம் நின்றால் அவர் மறு பக்கம் போய் நின்றார்.

கார்த்திகை பிறந்ததும் புயல் அடித்தது. முதலில் போனது கரண்ட். இன்று வரும், நாளை வரும் என்று ஜனங்கள் பாத்திரம் பாத்திரமாக அரிசியும் கேழ்வரகும் மிளகாயும் கொண்டுவந்து மில்லில் வைத்துவிட்டுப் போனார்கள். தரை முழுவதும் தூக்கும் டின்னும் குண்டானும்தான். அதற்குமேல் மழை பிடித்துக்கொண்டது. கழுவெளி நிரம்பிக் கடலும் கழுவெளியும் ஒன்றாகிவிட்டாற்போல் இருந்தது. உப்புப் பாத்திகள் இருந்த இடம் தெரியவில்லை. அற்புதமேரியும் அருள்பிரகாசமும் பாத்திரங்களை மேடைமேல் ஏற்றினார்கள். மேடை நிறைந்ததும் பெஞ்சுமேல் ஏற்றினார்கள். அப்படியும் பாதிக்கு இடமில்லை. வாய்க்கால் பாயின் கோட்டைத் தொட்டது. அதோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி, உயர்த்திய தரைக்கும் மேலே ஏறி, கணுக்காலை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

வடிந்த பிறகு பார்த்தால் மோட்டார் மேடைமேல் காய்ந்தபடி இருந்தது. மேடையிலும் பெஞ்சிலும் இருந்த பாத்திரங்கள் தப்பின. அவற்றை உடனே உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். தரையில் இருந்ததெல்லாம் சேறோடு கலந்துவிட்டது. அரைத்து வைத்த மாவு மூட்டைகள் ஊறி உப்பிப்போயின.

அருள்பிரகாசம் மண்வெட்டியோடு வந்தான். அவள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"எறியக் கூடாதுங்க. சர்வேயர் வந்து பாக்கணும்."

தந்தி அடித்தாயிற்று. ஆனால் ரோடு அங்கங்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது, பஸ் இல்லை. வெயில் மட்டும் ஒன்றும் நடக்காதது போல் சுள்ளென்று வந்துவிட்டது. ஊறிய கேழ்வரகு நுரைக்க ஆரம்பித்தது. அரிசி மாவு கள் போலப் பொங்கிற்று. மிளகாய் அதோடு சேர்ந்து கண்ணைக் கரித்தது. பக்கத்துத் தெருவில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நாய்கள் வாசல்வரை வந்து, தும்மிவிட்டுத் திரும்பின. கருவாடு விற்கும் பாஞ்சாலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏ மேரி, நான் கருவாட்டுக் கூடையிலயே பொறந்து வளந்தவ. எனக்கே தாங்கலடி. எடுத்துக் கொட்டேன்."

"உன்னோட அரிசியும் அதுலதாங்கா கெடக்குது. கொட்டிட்டேன்னா உனக்கு என்னத்தைக் குடுப்பேன்? சாட்சி அதான்."

அற்புதமேரிக்கு மட்டும் நாற்றம் அடிக்கவில்லையா? வாசலில் ஸ்டூல் போட்டு, வேப்பிலைக் கொத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு காவல் இருந்தாள். சோறு இறங்கவில்லை. சர்வேயர் வராமலே போய்விட்டால் என்ற பயம் வேறு. ஆனால் நம்பிப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போன ஜனங்களின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வர, எழுந்திருக்க மனம் வரவில்லை.

அதற்குள் செய்தி வேறு மாதிரி பரவிவிட்டது. மில்லில் பொருள் வைத்தவர்களுக்கெல்லாம் சர்க்கார் காசு கொடுக்கிறதாம். அவ்வளவுதான். அரைக்கவே வராதவர்களும் வந்தார்கள். டீக்கடை தங்கராசு, தான் ஒரு மூட்டை மிளகாய் வைத்ததாகச் சத்தியம் செய்தார்.

"மூட்டையா?" என்றாள் அற்புதமேரி. "வந்தவங்க சொல்ற மொளகாயெல்லாம் சேத்தா இந்த மில்லு கொள்ளாது. ஊரே கொள்ளாது. சரிங்க, உள்ள போயி உங்க ஏனம் எதுன்னு எடுத்துக் காட்டுங்க. காட்டறவங்களுக்கு உண்டு."

தங்கராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல்வரை போனார். ஒரு மூச்சு இழுத்தார். திரும்பி வந்துவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னுதை எலி இழுத்துக்கினு போயிருக்கும்மா, பரவால்ல."

வாசலில் சிரிப்பு அடங்கவில்லை. நிஜமாகவே பொருள் வைத்தவர்கள் மட்டும் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்த் தங்கள் பாத்திரத்தைக் காட்டிவிட்டு வந்தார்கள். அப்போதுதான் வாய்க்காலைத் தாண்டி அந்தோணிதாஸ் வந்தார். நேரே அவளிடம் பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"எதிர்க்கரையில மனுசங்க குடியிருக்கறதா இல்லியா? இந்தக் கண்றாவிய இன்னிக்கே வாரிக் கொட்டலைன்னா நானே ஆளு வச்சிக் கொட்டுவேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சேற்றில் பாதி புதைந்து ஒரு பித்தளைத் தூக்கு கிடந்தது. அதன் மேல் மூடியில் "ம. அந்தோணிதாஸ்" என்று வெட்டியிருந்தது. அவருடைய கல்யாணத்துக்கு வந்த சீர்.

கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி ஆனந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மில் திறந்த நாளிலிருந்து அவள் பாஞ்சாலை கையில் அரிசி கொடுத்தனுப்பி அங்கேதான் அரைத்து வந்தாள்.

"அப்போ வூட்டுல நான் இத்தினி நாளா துன்ன ஆப்பம்..." என்று ஆரம்பித்தார் அந்தோணிதாஸ்.

"மேரி மில்லு மாவுதான்" என்றாள் ஆனந்தம்மாள். "நல்லா மெத்துனு இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அந்தோணிதாஸ் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தார். மீசை துடித்தது. கடைசியில் அவருக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இறங்கித் தூக்கை எடுத்துக் காட்டி, "எழுதிக்கோம்மா, நானும் நஷ்டப்பட்டவன்தான்" என்றார். வெளியே வந்து வாய்க்காலில் கை கழுவியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என் வூட்டுல தண்ணி கடைசிப் படியில வந்து நின்னுடுச்சி மேரி. அந்தச் சுவரு இருந்திருந்தா அடுப்பங்கரைக்கு வந்திருக்கும். நான் அன்னிக்கே பாத்துட்டேன். சொல்லத்தான் வாய் வரல."

"விடுங்க மாமா. ஸ்டூல்ல உக்காருங்க. நான் போயி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் வரும்வரை அவர் வேப்பிலையோடு காவல் இருந்தார்.

சர்வேயர் ஒருவழியாக மறுநாள் வந்தார். சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர்தான் வரப்போகிறார் என்று நினைத்திருந்த ஜனங்களுக்குக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்த ஒல்லி மனிதரைப் பார்த்து ஏமாற்றம். அவர் சுவரில் படிந்த சேற்றுக் கோட்டைப் பார்த்தார். மோட்டார் மேடையைத் தட்டிப் பார்த்தார். மூட்டைகளைக் குச்சியால் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு பாத்திரமாக யாருடையது, என்ன இருந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். வாய்க்கால் பக்கம் இடிந்த அஸ்திவாரத்தைப் பார்த்து, இங்கே என்ன இருந்தது என்றார்.

"சுவரு சார். கட்டினவன் நான். இடிச்சது இவங்க" என்று அந்தோணிதாஸே முன்னால் வந்தார். "புத்தி அவங்களுது, செங்கல் என்னுது."

சர்வேயர் நோட்டை மூடிவிட்டு, "போதும்மா. தயவுசெஞ்சு எடுத்துக் கொட்டிடுங்க" என்றதுதான் தாமதம், தெருவே ஓவென்று கத்தியது. ஆளுக்கொரு கூடையோடு உள்ளே இறங்கினார்கள். தங்கராசு, கேட்காமலேயே, அத்தனை பேருக்கும் டீ கொண்டுவந்தார்.

தை பிறந்து பணம் வந்தது. கேட்ட அளவுக்கு வரவில்லை. பக்தவச்சலம் சொன்னபடி முதல் பங்கு அவர்கள் தலையில்தான் விழுந்தது. தரைவரை தொங்கி ஊறிப்போன மிஷின் பெல்ட் ஏற்கெனவே தேய்ந்தது என்று அதிலும் கழித்துவிட்டார்கள். அருள்பிரகாசம் உதட்டைப் பிதுக்கினான். ஆனால் பாத்திரம் காட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகும், கதவைச் சரி செய்து புதுப் பெல்ட் போட மிச்சம் இருந்தது. மில் அதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு வேறு எங்கே போவார்கள்?

கோடையில் அந்தோணிதாஸ் தன் வீட்டுச் சுவரை எல்லைக் கல்லுக்கு உள்ளே தள்ளிக் கட்டினார். வாய்க்கால் ஓரத்தில் இன்னும் சிலர் இடித்தார்கள். சிலர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் எந்த ஊரில்தான் இல்லை?

பாலிசியைப் புதுப்பிக்க வந்த பக்தவச்சலம் அன்றும் பஸ்ஸைத் தவறவிட்டார். இந்தத் தடவை அவரைப் பிடித்துக்கொண்டது தெரு. தென்னை விழுந்தால் உண்டா, மாட்டுக் கொட்டகைக்கு உண்டா, வாடகை வீட்டுக்கு உண்டா என்று ஆளாளுக்குக் கேட்க, அவர் குடையை மடக்கி வைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க, சந்தோஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்துல் சுக்கூர் பாய் தன் கிடங்குக்கு எழுத வேண்டும் என்று சட்டையைப் பிடிக்காத குறை. "ராத்திரி சாப்பாடு எங்க வூட்டுல, ஆப்பம்" என்று அந்தோணிதாஸ் அறிவித்தார்.

"சார், நீங்க பேசிக்கினு இருங்க" என்றாள் அற்புதமேரி. வாசலில் வரிசை நீண்டிருந்தது. முதல் ஆளாகப் பாஞ்சாலை இடுப்பில் குண்டானோடு நின்றிருந்தாள். அற்புதமேரி உள்ளே போய் மேடைமேல் ஏறி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமிய சத்தத்தில் வெளியே யார் என்ன கேட்டார்கள் என்பது அவள் காதில் விழவில்லை.